மஸ்தூரா பாடிய இருபது பேர்

"அது உன் குரல் இல்லடி! உன் குரல் மாதிரி நான் பாடினது!"

மஸ்தூரா இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னாள். கல்யாண மண்டபத்தில், பெண்கள் பக்கம் முழுவதும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, கும்ரியின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அதுவரைக்கும் கும்ரி தன் குரலை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் கத்திக்கொண்டிருந்தாள். திருட்டுப்போன பொருள் என்றால் அது இன்னும் நம்முடையதுதான் என்ற ஆறுதலாவது மிஞ்சும். மஸ்தூராவின் வாய் அதையும் பிடுங்கிக்கொண்டது.

"என்ன சொன்ன?" என்றாள் கும்ரி.

"காது கேக்கலையா? நான்தான் பாடினேன். உன்னை மாதிரி, ஓய்னிசாவை மாதிரி. எல்லாம் நானேதான்."

"சலோமத்தும் நீதானா?"

சலோமத்தைப் புதைத்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவளுடைய மகள் அடுத்த மேசையில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் மணப்பெண்ணின் தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புதுப் பட்டு, புதுச் செருப்பு, முகத்தில் பயம். "அக்கா, இப்ப என்ன சொன்னீங்க? என் பொண்ணுக்குப் பாடினது ஒரே ஒரு ஆளா?"

மர்கிலான் ஊரில் இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது.

பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பும்போது பாடுவது யோர்-யோர். ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள். ஒவ்வோர் அடியின் முடிவிலும் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து 'யோர்-யோர்' என்று முடிப்பார்கள். அதைத் தனிக்குரலில் பாடக் கூடாது. தனிக்குரல் கேட்டு வாசல் தாண்டிய பெண் தனியாகவே நிற்பாள் என்று எல்லாருக்கும் பயம். படித்தவள், படிக்காதவள், டாக்டர், ரொட்டி சுடுகிறவள், யாராக இருந்தாலும் மகள் காரில் ஏறுகிற நேரத்தில் இந்தப் பயம் வந்துவிடும்.

மற்ற எல்லாரையும்விட மஸ்தூராவுக்குத்தான் இந்தப் பயம் அதிகம். அவளுடைய கல்யாணத்தன்று அடித்துக்கொண்டு மழை. பாட வந்தவர்கள் எல்லாரும் மாட்டுக் கொட்டகைக்குள் ஓடிவிட்டார்கள். அவளுடைய அத்தை ஒருத்தி மட்டும் நனைந்துகொண்டே பாடி அவளை வண்டியில் ஏற்றினாள். அத்தை நல்ல மனசோடுதான் பாடினாள். ஆனால் பதினெட்டு வருஷம் கழித்து மஸ்தூராவின் கணவன் வேலைக்கென்று ருஷ்யாவுக்குப் போய், சமாராவில் ஒருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து மூன்று பேருக்குக் குறைவாக எந்த வீட்டிலும் அவள் யோர்-யோர் பாடியதில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால், "வேற ஆளைத் தேடிக்கோங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவாள்.

கைம்பெண் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்பது ஊர் வழக்கம். மஸ்தூராவின் கணவன் சாகவில்லை, சமாராவில் கொழுத்துப்போய் இருந்தான். ஆகவே ஊர்க் கணக்கில் அவள் சுமங்கலி. "அந்த நாய் உயிரோட இருக்கற வரைக்கும் எனக்குச் சோறு உண்டு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கும்ரி, ஓய்னிசா, சலோமத், மஸ்தூரா நான்கு பேரும் பட்டு ஆலையில் ஒரே வரிசையில் நின்றவர்கள். கொதிக்கிற தண்ணீரில் பட்டுக்கூட்டைப் போட்டு நூல் நுனி பிடிக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் வெந்து வெந்து மரத்துவிடும். செத்த புழுவின் நாற்றம் தலைமுடிக்குள்ளே தங்கிவிடும். இயந்திரச் சத்தத்தில் பேச முடியாது. பாடினால்தான் கேட்கும். அங்கே பாடிப் பாடித்தான் அந்த நான்கு தொண்டையும் ஒன்றோடொன்று பழகின.

மஸ்தூராவின் குரல் நேரானது, அடித்த ஆணி மாதிரி. கும்ரிக்கு மூக்குக் குரல், அதோடு எப்போதும் அரை மூச்சுப் பிந்தித்தான் வருவாள். ஓய்னிசாவுக்கு ஆண்பிள்ளைக் குரல், பாடி முடிந்ததும் ஒரு இருமல். சலோமத் எல்லாருக்கும் மேலே, நூல் மாதிரி மெல்லிசாக, அறுந்துவிடுமோ என்று பயப்படுகிற மாதிரி போவாள். அறுந்ததே இல்லை.

ஆலையில் ஆள் குறைத்தபோது நான்கு பேரும் ஒன்றாக வெளியே வந்தார்கள். மஸ்தூரா தோய்ரா என்கிற கைப்பறையை எடுத்துத் தட்டினாள், மற்ற மூவரும் பின்னால் நின்றார்கள். கல்யாண வீடுகளில் துணி கொடுத்தார்கள், மூட்டை கட்டிப் பலகாரம் கொடுத்தார்கள், கையிலும் ஏதோ கொடுத்தார்கள். பிழைப்பு ஓடியது.

சமாராவிலிருந்து போன் வந்த நாள்தான் முக்கியம். அவன் ஓடிப்போனவன்கூட இல்லை. மரியாதையாகப் போன் போட்டுச் சொன்னான், வரப்போவதில்லை என்று. மஸ்தூராவுக்கு வாய் வரவில்லை. ஊரையே திட்டுகிற வாய், அன்றைக்கு அடைத்துக்கொண்டது. கும்ரி போனைப் பிடுங்கினாள். தன் மூக்குக் குரலை அடக்கிக்கொண்டு, மஸ்தூராவின் அந்த ஆணிக் குரலில், மஸ்தூராவாகவே பேசினாள். "வராதே. வந்தா உன் செருப்பை வாசல்ல விட்டுட்டு வெறுங்காலோட ஓடவேண்டியிருக்கும். உன் ஆத்தா செத்தா நான் அழுவேன். நீ செத்தா பாடுவேன்." அவன் கடைசிவரைக்கும் பெண்டாட்டிதான் திட்டினாள் என்று நம்பினான். போனை வைத்துவிட்டு கும்ரி சொன்னாள்: "இனி ஊர்ல யாராவது கேட்டா, நான்தான் கிழிச்சேன்னு தைரியமா சொல்லிக்கோ." மஸ்தூராவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் அவள் அந்தக் காரியம் செய்தாள்.

செய்ய வைத்தவன் இல்யோர், அவளுடைய செத்துப்போன அக்காவின் மகன். ஏழு வயதிலிருந்து அவள் வீட்டில் தின்று வளர்ந்தவன். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அந்தக் குழியில் விழாதவர்கள் கிடையாது. வளர்ந்து, கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் கட்டினான். பிறகு வீட்டுப் பின்னறையை ஸ்டுடியோ ஆக்கினான். பெண்டாட்டி சீதனமாகக் கொண்டுவந்த மெத்தைகளையெல்லாம் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டான். சத்தம் எகிறாமல் இருக்கவாம். விருந்தாளி வந்தால் சுவரிலிருந்து மெத்தையைக் கழற்றி விரிக்க வேண்டும் என்று அவன் பெண்டாட்டி புலம்புவாள்.

"சித்தி, உங்க யோர்-யோரைப் பதிவு பண்ணி வைக்கணும்" என்று வந்தான். "மண்டபம் எல்லாம் பெருசாயிடுச்சு. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வரியே தெரியலை, குதிகால் செருப்பை மாட்டிக்கிட்டு முழிக்குதுங்க. உங்க பாட்டை நான் ஸ்பீக்கர்ல விட்டா, நீங்க கூடவே பாடலாம். மண்டபமே அதிரும்."

"எங்க மூணு பேரையுமா?"

"மூணு பேரையும்தான். முதல்ல நீங்க வாங்க. தோய்ரா எப்படி விழுதுன்னு பாக்கணும். அவங்களை அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க."

ஒரு புதன்கிழமை போனாள். மெத்தைச் சுவருக்கு நடுவில் ஒரு முக்காலி, ஒரு மைக். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டான். பாடினாள்.

வாசல் மரத்துக் கிளை ஒண்ணு, யோர்-யோர்,
வேலி தாண்டிப் பூத்திருக்கு, யோர்-யோர்.

இல்யோர் தலையைச் சொறிந்தான். "நல்லா இருக்கு சித்தி. ஆனா மெலிசா இருக்கு."

"மெலிசா? என் குரலா? நாக்கு அழுகிடும்."

"குரல் இல்ல, பதிவு. வீட்டு முற்றத்துல நீங்க பாடும்போது சுவர் கூடப் பாடும், ஜனம் கூடப் பாடும். இங்க ஒண்ணும் இல்ல. மைக் உங்க தொண்டையை மட்டும் எடுக்குது. சோறு வெச்சு குழம்பு ஊத்தாத மாதிரி இருக்கு."

"அப்ப குழம்பை ஊத்து."

"அதுக்கு நீங்க அதையே இன்னொரு தடவை பாடணும். நான் ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வைப்பேன். ஒண்ணு இடது காதுல, ஒண்ணு வலது காதுல. அப்பத்தான் குரல் தடிக்கும்."

"முதல்ல பாடினதையே ரெண்டு தடவை வெச்சுக்கயேன். எதுக்கு என்னைக் கத்தவைக்கற?"

"அப்படி வெச்சா சத்தம்தான் கூடும், ஆள் கூடாது. ஒரே போட்டோவை ரெண்டு தடவை ஒட்டினா ரெண்டு பேர் ஆயிடுவாங்களா?"

அது அவளுக்குப் புரிந்தது. மறுபடி பாடினாள். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "சித்தி, நீங்க மனுஷியா, மெஷினா? இழை பிசகாம அப்படியே பாடியிருக்கீங்க. ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒண்ணாயிடுச்சு. கொஞ்சம் தப்பாப் பாடுங்க."

"முப்பது வருஷமா சரியாப் பாடிட்டேன். இனிமே தப்பாப் பாடச் சொல்றான் பாரு!"

முயன்று பார்த்தாள். வரவில்லை. கொஞ்சம் முந்திப் பார்த்தாள், பிந்திப் பார்த்தாள், தொண்டை பழைய தடத்திலேயே போய் விழுந்தது. தோற்றுப்போவது அவளுக்குப் பிடிக்காது. டீயைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "தப்பாப் பாட வராது. வேணும்னா கும்ரி மாதிரி பாடறேன். அவ தப்பாத்தான் பாடுவா."

இல்யோர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "பாடுங்க, பாடுங்க! அவங்க வரும்போது அந்த இடத்துல அவங்களை வெச்சுட்டு உங்களை எடுத்துடறேன். இப்போதைக்கு அவங்களுக்கு இடம் பிடிச்சு வைங்க."

இடம் பிடிப்பது. பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. அதில் என்ன தப்பு என்றுதான் அவளும் நினைத்தாள்.

மூக்கை விரலால் அழுத்திக்கொண்டு, அரை மூச்சுப் பிந்தி, கும்ரியாகப் பாடினாள். இல்யோர் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு முகவாயை நெஞ்சில் இடித்துக்கொண்டு அடித்தொண்டையில் ஓய்னிசாவாகப் பாடினாள், கடைசியில் இருமலும் போட்டாள். "இருமலை எடுத்துடாதே, அவளுக்கு அடையாளமே அதுதான்" என்று அவளே சொன்னாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அன்று அவளுக்கு ஒரே குஷி. கூடப் பாடுகிறவர்களைப் பார்த்துப் பழித்துக் காட்ட ஆசையில்லாத பெண் எங்கே இருக்கிறாள்?

"இப்ப ரெண்டடி பின்னால போய் நின்னு பாடுங்க, தூரத்துல யாரோ நிக்கற மாதிரி இருக்கும்" என்றான். போனாள். "இப்ப சுவரைப் பாத்து." பார்த்தாள். "இப்ப பாடாம வெறும் மூச்சுல, காதுல சொல்ற மாதிரி." அதையும் செய்தாள். ஒவ்வொன்றையும் அடுக்கிக்கொண்டே போனான், சப்பாத்திமாவை மடித்து மடித்துத் தேய்க்கிற மாதிரி.

கடைசியில் கேட்டான். "மேல இன்னும் ஒண்ணு வேணும் சித்தி. சலோமத் அத்தை இருந்திருந்தா…"

"அவ செத்துட்டா."

"தெரியும். இடம்தான் காலியா இருக்கு. மேல திறந்து கிடக்கு."

மஸ்தூரா முக்காலியை மைக்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அந்தக் குரல் தனக்குள் எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. நூல் மாதிரி வந்தது, அறுபடுகிற இடம் வரைக்கும் போனது, அறுபடவில்லை. பாடி முடித்ததும் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இல்யோர் அவள் கையை எடுத்து முத்தம் கொடுத்தான். "இதுதான் சித்தி. இது ஒண்ணுதான் எல்லாத்தையும் நிறைச்சிடுச்சு."

வீட்டுக்குப் போகும்போது ஒரு உடுப்புத் துணி கொடுத்தான். பச்சையும் மஞ்சளும் ஓடிய பட்டு. வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் கூப்பிடுவான் என்று கும்ரியிடமும் ஓய்னிசாவிடமும் சொல்லி வைத்தாள். ஓய்னிசா தங்கப்பல்லைச் சோடாமாவு போட்டுத் தேய்த்தாள். "பதிவுல பல் தெரியாதுடி, கழுதை" என்றாள் மஸ்தூரா. "தெரிஞ்சா என்ன பண்ணுவ?" என்றாள் ஓய்னிசா. கும்ரி நாலைந்து நாள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். அவன் கூப்பிடவில்லை. கேட்டால் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றான். பிறகு கல்யாண சீசன் என்றான். பிறகு போனை எடுப்பதை நிறுத்தினான்.

அந்த இலையுதிர்காலத்தில் அவர்களைக் கூப்பிடுகிற வீடுகளும் நின்றுபோயின. திராட்சை பறித்து முடிந்து, ஊரெல்லாம் கல்யாணம். ஆனால் இவர்கள் வாசலுக்கு ஒரு ஆள் வரவில்லை. "ஜனங்களுக்கு நம்ம மூஞ்சி அலுத்துப்போச்சு போல" என்றாள் ஓய்னிசா. "உன் மூஞ்சி எனக்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே அலுத்துப்போச்சு" என்றாள் கும்ரி. சிரித்துக்கொண்டார்கள். மஸ்தூரா சிரிக்கவில்லை. ஆனாலும் தான் தனியாகப் பாடிவிட்டு வந்ததைச் சொல்லவில்லை. இடம் பிடித்ததுதானே, அதை என்னவென்று சொல்வது என்று விட்டுவிட்டாள்.

கடைசியில் தெருக்கோடி வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று பேரையும் அழைத்தார்கள். பாட அல்ல, சாப்பிட. மண்டபத்தில் ஓஷ் சோறு தின்று, டீ குடித்து, மணப்பெண் எழுந்து நின்றாள். மூலையில் இல்யோர் உட்கார்ந்திருந்தான். ஒரு பொத்தானை அழுத்தினான்.

ஒரு வாய் திறக்காமல் ஒரு தெருவே பாடியது.

நாலாபக்கமும் பெண்கள். பக்கத்தில், தூரத்தில், சுவர் ஓரத்தில், தலைக்கு மேலே. முன்னால் மஸ்தூராவின் குரல். முதல் அடியில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இரண்டாவது அடியில் கும்ரி டீக்கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தனக்குப் பின்னாலேயே தான் அரை மூச்சுப் பிந்தி வருவதைக் கேட்டாள். பாட்டு முடிகிற இடத்தில் ஓய்னிசாவின் இருமல் கேட்டது. ஓய்னிசா தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே அந்த நூல் ஓடியது. அடுத்த மேசையிலிருந்து சலோமத்தின் மகள், "அம்மா" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள் என்கிற மாதிரி.

அதற்குப் பிறகுதான் கும்ரி எழுந்து கத்தினாள், "எப்படா என் குரலைத் திருடினீங்க?" என்று. அதற்குத்தான் மஸ்தூரா அந்தப் பதிலைச் சொன்னாள். அப்போதுதான் மணப்பெண்ணின் தாய் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அக்கா, வாயைத் திறங்க. ஒரே ஆளா?"

இல்யோர் ஓடிவந்தான். "இல்லம்மா, இருபது பேர். சித்திக்கு வயசாயிடுச்சு, ஏதோ உளர்றாங்க."

மஸ்தூரா அவனைப் பார்த்தாள். உளறவில்லை என்று சொன்னால் மணப்பெண் பயந்துபோவாள். உளறுகிறேன் என்றால் தான் கிறுக்கி. பெண் கதவருகே நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. "ஆமா, உளர்றேன்" என்றாள் மஸ்தூரா. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு வார்த்தையை யாருக்காகவும் சொன்னதில்லை.

ஓய்னிசா மட்டும் அவள் காதருகே குனிந்தாள். "ஒத்தைக் குரல்ல எத்தனை பொண்ணுங்களை அனுப்பிட்ட, மஸ்தூரா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். கும்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மஸ்தூரா ஸ்டுடியோவுக்குப் போனாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கடா அவங்க இடம்?"

"சித்தி, உக்காருங்க. டீ…"

"டீயை உன் தலைல ஊத்திக்கோ. மூணு பேரையும் கூப்பிடறேன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். கூப்பிடலாம்னுதான் நெனச்சேன். சத்தியமா. ஆனா கேட்டுப் பாத்தேன், நிறைஞ்சிருந்துச்சு. அவங்க வந்து பாடினா மூணு கிழவிங்க பாடற மாதிரிதான் இருக்கும். நீங்க பாடினது ஊரே பாடற மாதிரி இருக்கு. அவங்க பாடினா ஒருத்தி இழுப்பா, ஒருத்தி இருமுவா…"

"இருமலை நான்தானேடா போட்டேன்!"

"நீங்க சரியான இடத்துல போட்டீங்க சித்தி."

கன்னத்துக் குழியைக் காட்டினான். அவளுக்கு அந்தக் குழியில் விரலை விட்டுக் கிழிக்கலாம் போலிருந்தது.

"ஒவ்வொண்ணாப் போடு" என்றாள். "கும்ரியை மட்டும் போடு."

மற்றதையெல்லாம் அடைத்துவிட்டு அதை மட்டும் விட்டான். அவ்வளவு பெரிய கூட்டத்தில் கும்ரியாகவே கேட்ட அந்தக் குரல், தனியாகக் கேட்டபோது கும்ரியே இல்லை. ஒரு கிழவி மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கிழவியைப் பழித்துக் காட்டுகிறாள். அவ்வளவுதான். பாட்டின் நடுவில் அவள் சிரிப்பை அடக்குகிற மூச்சுகூடக் கேட்டது. ஓய்னிசாவும் அப்படியே. மஸ்தூராவுக்குக் காது எரிந்தது.

"சலோமத்தைப் போடட்டா?"

"வேண்டாம். அதை அழிச்சுடு. மத்தது கிடக்கட்டும், அதை மட்டும் அழிச்சுடு. அவ மக அங்க உக்காந்திருந்தா."

"அதை எடுத்தா மெலிசாயிடும் சித்தி."

"அழிடான்னேன்."

"இங்க அழிச்சா மட்டும்? நமங்கான் வரைக்கும் போயாச்சு, அந்திஜான் வரைக்கும் போயாச்சு. நான் நாலு பேருக்குக் கொடுத்தேன், அவங்க நாப்பது பேருக்குக் கொடுத்தாங்க. எவன் கையைப் பிடிச்சு நிறுத்தறது?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வெளிய சொல்லாதீங்க. ஒரே ஆளுன்னு தெரிஞ்சா உங்களைத்தான் திட்டுவாங்க. பாடினது நீங்க."

அதுதான் அவளை அடித்தது. உண்மையைச் சொல்லியே அடித்தான். தன் கையால் ஊட்டி வளர்த்த பிள்ளை, அவள் எதற்குப் பயப்படுவாள் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அந்தப் பயத்தையே எடுத்து அவள் வாயில் அடைத்துவிட்டான். பச்சை மஞ்சள் துணியை அவன் மைக்கின்மேல் போட்டுவிட்டு வெளியே வந்தாள். இன்னும் தைக்காமல்தான் வைத்திருந்தாள், அது ஒன்றுதான் நல்லதாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை இரண்டு ரொட்டி சுட்டுத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு கும்ரி வீட்டுக்குப் போனாள். மருமகள் கதவைக் கொஞ்சம் திறந்தாள். ரொட்டியைத் திருப்பி அனுப்பக் கூடாதில்லையா, அதனால் ரொட்டியை மட்டும் கை நீட்டி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

உள்ளே திராட்சைப் பந்தலின் கீழ் கும்ரி உட்கார்ந்திருப்பது கதவிடுக்கில் தெரிந்தது. ஓய்னிசாவும் இருந்தாள். நடுவில் டீக்குடுவை.

"கும்ரி! உள்ள வரட்டா?"

மஸ்தூரா கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

"கும்ரி, அவன் என்னை ஏமாத்திட்டான்டி. உங்க இடத்தைப் பிடிச்சு வைன்னான். நான் நம்பிட்டேன்."

"இடம் பிடிச்சு வெச்சல்ல?" என்றது உள்ளேயிருந்து கும்ரியின் குரல். "அப்ப உக்காந்துக்கோ. என் இடம்தானே. நல்லா காலை நீட்டி உக்காந்துக்கோ."

"தெரியாமப் பண்ணிட்டேன்."

"சிரிச்சியா?"

"என்ன?"

"என்னை மாதிரிப் பாடும்போது சிரிச்சியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

மஸ்தூராவுக்குப் பொய் சொல்லத் தெரியும். ஊருக்கே சொல்வாள், கும்ரியிடம் சொன்னதில்லை. "சிரிச்சேன்" என்றாள்.

கும்ரி எழுந்து கதவுக்கு வந்தாள். திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினாள்.

"உன் புருஷன்கிட்ட ஒருநாள் உன் குரல்ல பேசினேனே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு உனக்கு வாய் வரலை, அதனால பேசினேன். எனக்கு வாய் இருக்குடி. கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். உப்புத்தண்ணி கொப்பளிச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தேன்."

"கதவைத் திற கும்ரி."

"நான் எதுக்குத் திறக்கணும்? உனக்குத்தான் என் குரல் வருதே. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, 'உள்ள வா மஸ்தூரா'ன்னு நீயே சொல்லிக்கோ. யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

காலடிச் சத்தம் திரும்பிப் போனது. டீ ஊற்றுகிற சத்தம் கேட்டது. இரண்டு கிண்ணத்துக்குத்தான் ஊற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கும்தெபா சந்தைக்குப் போனாள். வெங்காயம் வாங்கத்தான் போனாள். பாத்திரக்கடைகளைத் தாண்டி, போன் கடைகள் இருக்கிற வரிசையில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெரிய ஸ்பீக்கர். ஆணிக் குரல், மூக்குக் குரல், இருமல், மேலே நூல். சந்தையில் போகிற பெண்கள் கூடவே 'யோர்-யோர்' என்று முனகிக்கொண்டே போனார்கள். நான்கு பேரும் அங்கேதான் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவரையொருவர் விட்டுப் போகாமல்.

"என்ன அம்மா, வேணுமா?" என்றான் கடைக்காரன். நடுவயது ஆள், மீசையில் கொறித்த விதைத்தோல் ஒட்டியிருந்தது. "கல்யாணப் பாட்டு. அசல் மர்கிலான் பொம்பளைங்க. பென்டிரைவ்ல போட்டுத் தரேன்."

"எத்தனை பேர் பாடறாங்க?"

"ஒரு தெருவே பாடுது, கேளுங்களேன். இருபது பேர் இருக்கும்."

"ஒருத்திதான் பாடறா."

அவன் சிரித்தான். "அம்மாவுக்குக் காது மந்தம்."

"எவ்வளவு?"

"இருபதாயிரம் சோம்."

"ஒருத்தி பாடினதுக்கு இருபதாயிரமா? குறைச்சுச் சொல்லு."

"இருபது பேர் பாடியிருக்காங்க அம்மா. தலைக்கு ஆயிரம்கூட இல்லாம எப்படித் தரது?"

மஸ்தூராவின் வீட்டில் அதைப் போட்டுக் கேட்க எதுவும் கிடையாது. வெங்காயத்துக்கு வைத்திருந்த பணத்தையும் சேர்த்து எண்ணினாள். பேரம் பேசாமல் அவள் சந்தையில் எதையும் வாங்கியதில்லை. அன்றைக்குப் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, இருபதாயிரத்தையும் முழுசாகக் கொடுத்தாள்.